மார்கழிச் சளிக்குக் கஷாயம்: அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் இருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து வீட்டில் ஆள் மாற்றி ஆள் தும்மல். எனக்குத் தொண்டைக் கரகரப்பு, மாமியாருக்கு மூக்கடைப்பு, 5 வயது மகளுக்கு ராத்திரி மட்டும் வறட்டு இருமல். டாக்டரிடம் காட்டியாயிற்று. நெஞ்சில் சளி இல்லை, சாதாரண ஜலதோஷம்தான் என்றார்.

பெரியவர்கள் பாடு பரவாயில்லை. நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடிக்கிறோம், சாயங்காலம் சுக்குமல்லிக் காபி. குழப்பம் மகளுக்குத்தான். ஆவி பிடிக்க வைக்கப் பயம், கொதிநீரைத் தட்டிவிட்டால்? இப்போதைக்குக் கற்பூரவல்லி இலை இரண்டை வாட்டிப் பிழிந்து, தேன் கலந்து ஒரு டீஸ்பூன் கொடுக்கிறேன். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு குடித்துவிடுகிறாள். (கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது.)

பக்கத்து வீட்டுப் பாட்டி ஆடாதோடைக் கஷாயம் கொடு என்கிறார். இந்த வயதுக்குக் கொடுக்கலாமா? எத்தனை இலை? தூதுவளையை முள் நீக்கி, நெய்யில் வதக்கித் துவையல் அரைத்தேன்; தொடவே மாட்டேன் என்கிறாள். தோசைமாவில் அரைத்துக் கலந்தால் ஏமாற்ற முடியுமா?

அப்புறம் மாமியார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதிமதுரம் அதிகமானால் அழுத்தம் ஏறும் என்பதால் டப்பாவையே ஒளித்து வைத்திருக்கிறேன், தினமும் தேடுகிறார். தொண்டைக்கு அதற்குப் பதிலாக என்ன கொடுக்கலாம்?

வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சித்த மருத்துவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.