அம்மாவின் கீழ் பல் செட் நிற்க வழி சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. ஈறு வீங்கி, பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்து, போன வருடம் முழு பல் செட் கட்டினோம். மேல் செட் நன்றாக நிற்கிறது. கீழ் செட்தான் பேசும்போதே கழன்று வருகிறது. பல் போன பிறகு தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும், அதனால் பிடிமானம் குறையும் என்றார் டாக்டர்.

முறுக்கைக் கடக்கென்று கடித்தவர், இப்போது டீயில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார். தினமும் குழைந்த ரசம் சாதம்தான். அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் சித்தி மகள் வளைகாப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, யார் பேசினாலும் முந்தானையால் வாயை மூடி, தலையை மட்டும் ஆட்டினார். விசேஷ வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்த மனுஷி. எனக்கு மனசு தாங்கவில்லை.

கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட் (எலும்புக்குள் பதிக்கும் சின்ன திருகு) வைத்து, அதில் செட்டை மாட்டலாம் என்கிறார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் செய்யலாமாம். உங்கள் வீட்டில் இந்த வயதில் யாராவது செய்துகொண்டார்களா? புண் ஆற எத்தனை நாள் ஆனது? செலவு எவ்வளவு? சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டியவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள், திண்டுக்கல்லிலிருந்து கூட்டிவரத் தயார். அப்புறம், அதுவரை செட் ஒட்டும் பசை தினமும் போடலாமா?