பினாங்கு உறவுகள் குழு: மாமாவின் தழும்பும் மின்சாரம் கடத்தும் இழையும்

சரசு அத்தை: கவிதா, கோயில் குழுவில் ஒரு காணொளி வந்தது. இஸ்ரேலில் இதயத்தையே அச்சிட்டுவிட்டார்களாம். மாமாவுக்கு அப்படி வைக்க முடியுமா, அம்மா?

கவிதா: அது 2019இல் டெல் அவிவ் பல்கலைக்கழகம் செய்தது, அத்தை. முயல் இதயத்தின் அளவு. செல்கள் சுருங்கின, ஆனால் ஒன்றுசேர்ந்து இரத்தத்தை இறைக்கவில்லை. மாமாவுக்கு முழு இதயம் தேவையும் இல்லை. மாரடைப்பால் இதயத்தில் தழும்பு விழுந்த இடம்தான் பிரச்சினை.

ராஜன் மாமா: அடைத்த இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபின் இரத்தம் நன்றாக ஓடுகிறது என்றார்கள். பிறகு ஏன் படியேறினால் மூச்சு வாங்குகிறது?

கவிதா: குழாய் திறந்துவிட்டது, மாமா. மடிந்த தசை திரும்பவில்லை. பெரிய மாரடைப்பில் 100 கோடி தசைச் செல்கள் வரை இறந்துபோகும். இளம் வயதிலேயே இதயம் புதுப்பிப்பது ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு செல்களைத்தான். காலியான இடத்தைக் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தாலான தழும்பு அடைத்துக்கொள்கிறது. அது சுருங்காது, மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாது.

ராஜன் மாமா: சர்க்யூட் பலகையில் தடம் அறுந்த மாதிரி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நான் பார்த்த வேலையே அதுதான். செம்பில் பாலம் போட்டால் என்ன?

கவிதா: செம்பு செல்களுக்கு நஞ்சு, மாமா. விறைப்பும் அதிகம். இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு முறையும் தசையோடு சேர்ந்து நீண்டு சுருங்கும் பொருள்தான் வேண்டும். அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் மின்கடத்தும் பாலிமர்களை, அதாவது மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் வகைகளை, நாடுகிறோம். 1977இல் ஷிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் அதற்கு வழி திறந்தார்கள். 2000இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

முகிலன்: அதை எப்படி அச்சிடுகிறீர்கள், அக்கா?

கவிதா: முதலில் பிசிஎல் என்ற பாலியெஸ்டர், உடலில் மெல்லக் கரையும் பிளாஸ்டிக். 60 டிகிரியிலேயே உருகிவிடும். ஊசி முனையில் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாக இறங்கும். கீழே தட்டு நகர நகர வலை உருவாகிறது. அதன்மேல் பாலிபிரோல் போன்ற மின்கடத்தும் பூச்சு. இதயத் தசைச் செல்களை அதில் விதைத்தால் இழை போகும் திசையிலேயே நீண்டு படுத்துக்கொள்கின்றன. இயல்பான இதயத் தசையும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ராஜன் மாமா: வலை உள்ளேயே தங்கிவிடுமா?

கவிதா: பிசிஎல் மெல்லக் கரைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகலாம். ஆனால் பாலிபிரோல் எளிதில் கரையாது. இந்தத் துறையில் என்னை மிகவும் உறுத்தும் கேள்வி அதுதான். இன்னொன்று, தழும்பின்மேல் ஒட்டிய புதுத் தசை தன் இஷ்டத்துக்குத் துடித்தால் இதயத்தின் தாளமே கெட்டுவிடும். குரங்குகளுக்குச் செல்களைச் செலுத்தியபோது அப்படி நடந்திருக்கிறது.

சரசு அத்தை: அப்படியானால் மனிதருக்கு இன்னும் வரவில்லையா?

கவிதா: ஜெர்மனியில் கோட்டிங்கன் குழுவினர் ஒரு பெண் நோயாளிக்கு ஆய்வகத்தில் வளர்த்த தசைத் துண்டைப் பொருத்தினார்கள். 2025 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்தது. அது கொலாஜனில் வளர்த்தது, நாங்கள் அச்சிடும் வகை இல்லை. இது மருத்துவமனைக்கு வரும்வரை மாமா காத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்குவதை மருத்துவரிடம் சொன்னீர்களா?

ராஜன் மாமா: செவ்வாய்க்கிழமை எக்கோ, அதான் இதய ஸ்கேன், எடுக்கப் போகிறேன்.

கவிதா: இடது கீழறை எத்தனை விழுக்காடு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அறிக்கையில் இருக்கும். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூச்சு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதற்குள் அதிகமானால் செவ்வாய் வரை பொறுக்காதீர்கள்.

சரசு அத்தை: நான் கூடவே போகிறேன். இவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுகிறேன்.