7பி நீலத்திரை: டிஸ்க்கா, பற்றரியா?

காலிவீதி:
நேற்று இங்க ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: "விண்டோஸ் தொடங்கேலாமல் நிண்டு, நீலத்திரையில 7பி எண்ட பிழை இலக்கம் வந்தா ஹார்ட் டிஸ்க் செத்திட்டுது, மாத்துறதைத் தவிர வேற வழியில்லை." வாசிச்ச நேரம் தொடக்கம் வயிறு எரியுது. போன மாசம் ஒரு கடைப் பொடியனும் எனக்கு இதே கதைதான் சொன்னவன். கொம்பியூட்டரைத் திறக்கவேயில்லை. திரையைப் பார்த்தான், "டிஸ்க் போயிட்டு அங்கிள்" எண்டான், 22,000 எண்டான். தூக்கி மடியில வச்சுக்கொண்டு த்ரீவீலில வெள்ளவத்தைக்குத் திரும்பிட்டன்.

வீட்ட வந்து பார்த்தா பயோஸில, விண்டோஸுக்கு முதல் ஓடுற அந்த செட்டிங் திரையில, திகதி 2010 ஜனவரி 1. திகதி பிழைச்சதாலதான் அதுக்கு முதல் ஒரு கிழமையா எந்தத் தளத்தைத் திறந்தாலும் பிரவுசர் "பாதுகாப்பில்லை" எண்டு கத்திக்கொண்டுதான் இருந்தது. செத்தது மதர்போர்ட்டில இருக்கிற வட்டப் பற்றரி, சிஆர் 2032. புதுசு போட்டன், டிஸ்க்கோட பேசுற முறையைச் சொல்லுற சாட்டா மோட் ஐடிஇ எண்ட பழைய முறைக்கு மாறிக் கிடந்தது, அதைத் திரும்ப முந்தி இருந்த ஏஎச்சிஐக்குக் கொண்டுவந்தன். விண்டோஸ் வந்தது. அதே டிஸ்க் இண்டைக்கும் ஓடுது.

பழைய_போர்ட்:
அந்தப் "பெரியவர்" நான்தான் தம்பி. பேரைச் சொல்லியே திட்டும், நான் கோவிக்கமாட்டன். 1998இல இருந்து ஸ்குரூட்றைவர் பிடிக்கிற கை இது. பற்றரி செத்தா மணிக்கூடு பிழைக்கும், நேரம் பிழையாக் காட்டும். அவ்வளவுதான். நீலத்திரை வராது.

காலிவீதி:
வந்தது. என்ர மேசையில வந்தது. படம் போடட்டோ?

பழைய_போர்ட்:
போடும். நீலமாத்தான் இருக்கும். பற்றரி செத்தா மணிக்கூடு பிழைக்கும்.

கொழும்பு13_அக்கா:
திரையில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசியுங்கோவன். "இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்". போய்ச் சேரேலாமல் கிடக்கு எண்டுதானே அது சொல்லுது? திறப்பைத் தொலைச்சவன் வீடு இடிஞ்சுபோச்சு எண்டு அழுறதில்லை.

ஆனா அதை எழுதின ஆக்களையும் சும்மா விடேலாது. ஆறு பூச்சியத்தை வரிசையா வச்சு அதுக்குப் பின்னால 7பி! என்ர மகள் பூச்சியத்தையெல்லாம் "ஓ" எண்டு அடிச்சுக் கூகிளில அரை நாள் தேடினவள்.

பழைய_போர்ட்:
திறப்புக் கதை நல்லாயிருக்கு, பட்டிமன்றத்துக்கு வச்சுக்கொள்ளுங்கோ. நான் கண்ட 7பியில பத்துக்கு எட்டு டிஸ்க்தான்.

தெமட்டகொடை_நானா:
போர்ட் பழசா புதுசான்டு ஒருத்தரும் கேக்கல்லியே. புது போர்ட் கனத்துல செட்டிங் ஃப்ளாஷ் சிப்புல ஈக்கும், பற்றரி போனாலும் அழியாது. பழசுல எல்லாம் சீமோஸ்ல, அது பற்றரியால மட்டும் உயிரோட ஈக்கிற சின்ன மெமரி. பற்றரி போனா அதுவும் போகும், டிஸ்க் மோட் மாறும், விண்டோஸுக்கு டிஸ்க் தெரியாது. காலிவீதிட போர்ட் பழசு.

பழைய_போர்ட்:
பார்த்தீரோ? நானாவே சொல்லுறார், பற்றரி போனாலும் அழியாதாம்.

தெமட்டகொடை_நானா:
பாதிய மட்டும் வாசிக்காதீங்க.

மழைக்குருவி:
அது என்ன பற்றரி? பேட்டரின்னு எழுதுங்க. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம கெடந்தோமே, எல்லாரோட பேட்டரியும் அதுலதான் போயிருக்கும்.

காலிவீதி:
13 மணித்தியாலத்தில அது சாகாது, வருசக்கணக்காத் தாங்கும். 2032 எண்டா 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரம் மட்டும்தான் அதில இருந்து எடுக்கும், அதுவும் சொட்டுச் சொட்டா. பிறகு, பற்றரி பற்றரிதான். என்ர அப்பரும் அப்பிடித்தான் சொன்னவர்.

மழைக்குருவி:
நான் மருதானையில பொறந்து வளந்தவ. எங்க வீட்டுல பேட்டரிதான். கொழும்புல எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசணும்னு எப்ப சட்டம் போட்டாங்க?

பழைய_போர்ட்:
என்னவாவது இருக்கட்டும், செத்தா மணிக்கூடுதான் பிழைக்கும். அதை விடுங்கோ, ஆர் இன்னும் விண்டோஸ் 7 வச்சிருக்கிறது? 2020 ஜனவரி 14ஓட அதின்ர ஆதரவு முடிஞ்சுது. அதை ஓட்டிக்கொண்டு எனக்குப் படிப்பிக்க வந்திட்டார்.

காலிவீதி:
விண்டோஸ் 7 இப்ப ஏன் வருது? போன வருசம் என்ர பிரிண்டர் வேலை செய்யேல்லை எண்டு கேட்டதுக்கு "ஃபோர்மட் அடி" எண்டது ஆர்? அடிச்சன். மகளின்ர சாமத்தியவீட்டுப் படம் முழுக்கப் போச்சு. கடைசியில பார்த்தா பிரிண்டருக்குள்ள பேப்பர் சிக்கிக் கிடந்தது.

பழைய_போர்ட்:
பக்அப் எடுக்காதது என்ர பிழையோ?

கொழும்பு13_அக்கா:
எதுக்கெடுத்தாலும் ஃபோர்மட்! காய்ச்சலுக்குத் தலையை வெட்டுற வைத்தியம். எனக்கும் அப்டேட் போடேக்க 80070005 எண்டு ஒரு இலக்கம் வந்தது. மூண்டு நாள் அலைஞ்சு கண்டுபிடிச்சன், "அனுமதி இல்லை" எண்டு அர்த்தமாம். என்ர காசில வாங்கின கொம்பியூட்டர், எனக்கு அனுமதி இல்லையாம்!

பழைய_போர்ட்:
அக்காவுக்கும் சொல்லியிருப்பன் என்ன செய்யிறதெண்டு. கேக்கேல்லை. தம்பி காலிவீதி, அந்த டிஸ்க்கில செக்டிஸ்க் எண்ட சோதனையை ஓடிப்பாரும். பாட் செக்டர், பழுதான இடம், வரும். வந்தா இங்க வந்து எழுதோணும்.

காலிவீதி:
அண்டைக்கே ஓடினன். ஒண்டுமில்லை.

பழைய_போர்ட்:
ஒழுங்கா ஓடியிருக்கமாட்டீர்.

தெமட்டகொடை_நானா:
சரி, ஒரு கேள்வி. செத்த பற்றரிய சும்மா குப்பைல போடேலுமா?

மழைக்குருவி:
பேட்டரி.