டீ ஆறும் கணக்கில் கோடு வளையுது, வழி சொல்லுங்க

வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளோட நியூட்டனின் குளிர்வு விதியை (சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு கூடுதல் சூடோ, அதுக்கு நேர்விகிதமா ஒரு பொருள் ஆறும்ங்கிற விதி) சூடான டீ வச்சுச் சோதிச்சுப் பார்க்கிறோம். ஒரு இடத்துல நிக்குது, தெரிஞ்சவங்க உதவணும்.

திறந்த எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு, மூடி போட்ட பீங்கான் கப் ஒண்ணு. ரெண்டுலயும் ஒரே அளவு டீ. அறை 30 டிகிரி. டம்ளர் டீ 80-ல ஆரம்பிச்சு 5 நிமிஷத்துல 66, பத்துல 57, பதினைஞ்சுல 51. அதாவது அறையைவிடக் கூடுதல் 50, 36, 27, 21. இதுக்கு மடக்கை எடுத்து வரைஞ்சா நேர்கோடு வரணும், வரலை. குளிர்வு மாறிலி (எவ்வளவு வேகமா ஆறுதுன்னு காட்டுற எண், விதிப்படி மாறக்கூடாது) முதல் 5 நிமிஷத்துல 0.066, கடைசி 5-ல 0.050. மூடின கப்ல கோடு ஏறக்குறைய நேரா வருது.

ஆவியாதல்தான் காரணம்னு நினைக்கிறேன். சூடு ஏற ஏற நீராவி அழுத்தம் கிடுகிடுன்னு கூடும், அந்த இழப்பு நியூட்டன் விதிக்குள்ள அடங்காது.

ஒரு பொண்ணு அறை வெப்பநிலையையும் கண்டுபிடிக்க வேண்டிய எண்ணா விட்டுட்டா. 40-னு வந்துச்சு, கோடும் அழகா நேராயிடுச்சு! ஆனா அறை 40 இல்லையே. பொருந்துதுங்கிறதுக்காகப் பொய்யான எண்ணை ஏத்துக்கச் சொல்ல எனக்கு மனசில்லை.

60 டிகிரிக்குக் கீழ உள்ள அளவுகளை மட்டும் எடுத்து ரெண்டு பாத்திரத்தையும் ஒப்பிடலாமா? இல்லை, சமன்பாட்டுல ஆவியாதலுக்குத் தனி உறுப்பு சேர்க்கணுமா? சேர்த்தா பதினொண்ணாம் வகுப்புக் கணக்குக்குள்ள அடங்குமா? செஞ்சு பார்த்தவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க.