ஸ்விஃப்ட் முன் கதவு ஸ்பீக்கர் மாற்றியும் பேஸ் (அடித்தொனி) வரவில்லை, வழி சொல்லுங்கள்

கார் 2019 ஸ்விஃப்ட், ஊர் மதுரை. போன மாதம் முன் கதவுகளில் காரோடு வந்த ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு 6.5 இஞ்ச் கோஆக்சியல் (பெரிய கோனும் சின்ன ட்வீட்டரும் ஒரே சட்டத்தில் உள்ள ஸ்பீக்கர்) நானே மாட்டினேன். 4 ஓம், 60 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்). ஸ்டீரியோ பழையதுதான், தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கிடையாது. குரலும் நாதஸ்வரமும் முன்பைவிடத் தெளிவு. தவில் மட்டும் தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருக்கிறது. பழைய ஸ்பீக்கரே தேவலை.

இன்னொன்று, வால்யூம் பாதியைத் தாண்டினால் டிரைவர் பக்கக் கதவு 'ஜிர்ர்' என்கிறது. ஆர்ம்ரெஸ்டுக்குக் கீழே உள்ளங்கையால் அழுத்தினால் நிற்கிறது.

1.5 வோல்ட் பேட்டரி வைத்து ஸ்பீக்கர் வயர்களில் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் கோன் வெளியேதான் தள்ளுகிறது. கதவுத் தகரத்தில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டாம்பிங் ஷீட் ஒட்டியாயிற்று. டிரிம் கிளிப்புகளும் புதிது. பேலன்ஸை ஒரே பக்கம் திருப்பினாலும் பேஸ் கூடவில்லை. ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் வளையத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. ஃபோம் டேப் சுற்றினேன், கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். கடைக்காரர் ஆம்ப் வாங்கச் சொல்கிறார். அவர் வேறென்ன சொல்வார்!

இந்த வேலையைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) வளையம் வெட்டி இடைவெளியை முழுதாக அடைப்பது முதலிலா, சின்ன 4 சேனல் ஆம்ப் முதலிலா?