பத்தாவது பையன வாலிபால் ஆட விடலாமா, நிறுத்திடலாமா?

கரூர்_அம்மா:
வணக்கம்ங்க. பையன் பத்தாவது. ஜூன்லயே ஸ்கூல்ல பி.டி. பீரியட மேத்ஸ் மிஸ் எடுத்துக்கிட்டாங்க, மிச்சம் இருந்தது சாயங்காலம் பக்கத்து கிரவுண்ட்ல ஒரு மணி நேரம் வாலிபால் மட்டுந்தான். காலாண்டுல சயின்ஸ் 61 வந்ததும் அவங்கப்பா அதுக்கும் தடா போட்டுட்டாரு. ரெண்டு வாரமா புக்க விரிச்சு வச்சுட்டு ஒரே பக்கத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கான், ஏன்டான்னு கேட்டா எரிஞ்சு விழறான். விளையாண்டா படிப்பு நல்லா வரும்ங்கறாங்களே, நெஜமா இல்ல சும்மா சொல்றதுங்களா?

ரிட்டையர்டு_பிடி_சார்:
30 வருசம் விசில் ஊதுனவன் சொல்றேன்மா, ஆட விடுங்க. வாலிபால்ல ஒரு பந்த கோட்டை விட்டா அதையே நெனச்சுட்டு நிக்க முடியாது, அடுத்த சர்வீஸ் வர்றதுக்குள்ள தெளிஞ்சாகணும், அது வெறும் கை கால் வேலை இல்ல. எங்க பீரியட வாங்கிட்டுப் போற டீச்சருங்களே மத்தியானம் மூணு மணிக்கு கிளாஸ்ல பாதிப் பேர் தூங்கறான்னு எங்கிட்டதான் வந்து பொலம்புவாங்க!

நைட்ஷிப்ட்_அப்பா:
2009ல இல்லினாய் யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஒம்பது பத்து வயசுப் பிள்ளைங்க 20 பேர ஒரு நாள் சும்மா உக்கார வச்சு டெஸ்ட் வச்சாங்க, இன்னொரு நாள் ட்ரெட்மில்ல 20 நிமிசம் வேகமா நடக்க விட்டு வச்சாங்க. நடந்த அன்னைக்கு கவனம் சிதறல, படிச்சத புரிஞ்சுக்கறதும் நல்லா இருந்துச்சு. 20 பேர்தான், சின்ன ஆராய்ச்சி, அதுக்காக 61 நேரா 91 ஆயிடும்னு நெனச்சுக்காதீங்க. ஆனா 5ல இருந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிசம் நல்லா ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, உங்க பையன் ஆடிட்டு இருந்தது கரெக்டா அதேதான்.

கபடி_தம்பி:
விளையாண்டா மார்க் வரும்னா எங்க ஊர் கபடி டீம் பூராவும் இந்நேரம் டாக்டராகி இருக்கணும் 😂 நான் ஆடிட்டு வந்து போன நோண்டிட்டு படுத்துருவேன், பிளஸ் டூல பார்டர் பாஸ். ஆடுனதும் குளிச்சு, சுண்டலோ வாழப்பழமோ சாப்பிட்டு உடனே புக்க எடுக்கணும், அந்த ஒரு மணி நேரம் மண்டை சும்மா கில்லி மாதிரி இருக்கும். அத நான் வேஸ்ட் பண்ணேன்.

ரிட்டையர்டு_பிடி_சார்:
தம்பி சொல்றது சரி. ராத்திரி தூக்கத்துலயும் கை வைக்காதீங்கம்மா.

கரூர்_அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. அவங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் பேசல, ஆனா காலைல பாத்தா பரண் மேல போட்டு வச்ச பந்து திண்ணைல கெடக்குது. இப்ப ஒரே சிக்கல், டியூஷனும் அதே அஞ்சரைக்குத்தான். சார்கிட்ட ஏழு மணி பேட்ச் கேட்டா தப்பா எடுத்துக்குவாருங்களா?