கலைச்சொல் தேவை: ‘டிரான்ஸ்போசிங் இன்ஸ்ட்ருமெண்ட்’

அனைவருக்கும் வணக்கம்.

ராயபுரம் பக்கம் சில பிள்ளைகளுக்கு பேண்டு வாத்தியம் சொல்லித் தருகிறோம். கிளாரினெட், டிரம்பெட், ஆல்டோ சாக்ஸ், ஃபுளூட், டிராம்போன், யூபோனியம். புதிதாகப் பிடிக்கிறவர்கள் ஆறு சுரத்துக்குள் வாசிக்கக்கூடிய சின்ன உருப்படிகளைத் தமிழ்க் குறிப்போடு தொகுத்துவருகிறோம். முதல் உருப்படி முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம், ‘சியாமளே மீனாக்ஷி’. ‘டிவிங்கிள் டிவிங்கிள்’ மெட்டுதான். ஸ-வில் தொடங்கி த-வைத் தாண்டாது. தீட்சிதர் குடும்பம் மணலியில் இருந்த காலத்தில் கோட்டைக்குப் போய் கும்பினியின் பேண்டைக் கேட்டதால் வந்த பாட்டுகள் இவை என்பார்கள். பேண்டிடமிருந்து வாங்கியதை பேண்டுக்கே கொடுக்கிறோம், அதுவும் மணலிக்குப் பக்கத்திலேயே.

சிக்கல் இதுதான். தாளில் ‘சி’ என்று இருப்பதை வாசித்தால் ஃபுளூட்டில் சி கேட்கும். கிளாரினெட்டிலும் டிரம்பெட்டிலும் பி ஃபிளாட். ஆல்டோ சாக்ஸில் ஈ ஃபிளாட். ஃபுளூட் தாளையே கிளாரினெட் பையனும் பார்த்து வாசித்தால் சங்கராபரணத்து ஸ-வுக்கும் ரி-க்கும் உள்ள தூரம் கடைசிவரை கூடவே வரும்; காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். இப்படித் தாளில் ஒன்று, காதில் ஒன்று என்று வரும் கருவிகளைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘இடமாற்று இசைக்கருவி’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். அரசு ஊழியருக்கு வந்த மாறுதல் ஆணை மாதிரி இருக்கிறது.

———
பெரம்பூரிலிருந்து:

‘சுருதி பெயர்ப்புக் கருவி’ என்று வைக்கலாமே. ‘பண்ணுப்பெயர்த்தல்’ என்று நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

———
வியாசர்பாடியிலிருந்து:

> ‘பண்ணுப்பெயர்த்தல்’ என்று நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது

ஐயா, அது கிரகபேதம். சுரத்தானங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஆதார ஸ-வை மட்டும் ரி-க்கோ க-வுக்கோ நகர்த்தினால் வேறு ராகம் பிறக்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். பேண்டில் நடப்பது நேர்மாறு. ராகம் மாறுவதே இல்லை, மொத்தப் பாட்டும் மேலோ கீழோ நகர்கிறது. இரண்டுக்கும் ‘பெயர்ப்பு’ என்று வைத்தால் இசைக் கல்லூரிப் பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

எனக்கு ஓர் அடிப்படைச் சந்தேகம். ச ரி க ம என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? ஸ ஸ ப ப த த ப. எல்லோருக்கும் ஒரே தாள்.

———
ராயபுரத்திலிருந்து:

> ச ரி க ம என்று எழுதிக் கொடுத்துவிட்டால்

பாடுவதற்குச் சரி. குழல் பிடிக்கிறவனுக்கு விரல் தெரிய வேண்டுமே. ‘சியாமளே’யை ஆறரைக் கட்டையில், அதாவது பி ஃபிளாட் சுருதியில், வைத்திருக்கிறோம். அதில் ஸ என்றால் கிளாரினெட்டுக்கு சி விரல், ஆல்டோவுக்கு ஜி விரல். அடுத்த உருப்படி இரண்டரைக் கட்டைக்கு (ஈ ஃபிளாட்) போனால் கிளாரினெட்டின் ஸ எஃப் ஆகிவிடும், ஆல்டோவின் ஸ சி ஆகிவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் விரலைப் புதிதாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மேற்கத்திய முறையில் ஐந்து கோட்டில் எழுதினால் குறியும் விரலும் பிரியாமல் இருக்கும்; ஆல்டோ வாசிக்கிறவன் நாளைக்கு டெனர் சாக்ஸை எடுத்தாலும் அதே குறிக்கு அதே விரல். தாளை இப்படி மாற்றி எழுதும் வழக்கம் நிலைத்ததே அதற்காகத்தான்.

ஆறரையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. கிளாரினெட் சி-யிலிருந்து ஏ-யோடு நின்றுவிடுகிறது. ஏ-க்கு இடது கை ஆள்காட்டி விரல் ஒன்று போதும். அதற்கு அடுத்த பி-க்குப் போனால் எல்லாத் துளையையும் ஒரேயடியாக மூடி, கட்டைவிரலால் மேல் சாவியையும் அழுத்த வேண்டும். ஒரு விரல் கொஞ்சம் விலகினாலும் கீச்சென்று கத்தும். முதல் பாட்டிலேயே பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

இதை எழுதும்போதுதான் கவனித்தேன், ‘கட்டை’ தானாகவே வந்து விழுகிறது. ஆர்மோனியத்தில் சி ஒன்று, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு. கறுப்புக் கட்டைகளெல்லாம் அரை. கச்சேரி கேட்கிறவர்களுக்கும் மேடையில் பாடுகிறவர்களுக்கும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பி ஃபிளாட் கிளாரினெட் என்பது ஆறரைக் கட்டைக் கிளாரினெட், ஈ ஃபிளாட் ஆல்டோ என்பது இரண்டரைக் கட்டை ஆல்டோ, எஃப் ஹார்ன் நான்கு கட்டை. பொதுப்பெயராக ‘கட்டைமாறு கருவி’ என்று வைக்கலாமா?

———
பெரம்பூரிலிருந்து:

‘கட்டை’ என்றதும் பையன்கள் சிரிப்பார்கள் தம்பி. சாவு வீட்டுக்கும் வாசிக்கப்போகிற பேண்டு, அதையும் யோசியுங்கள். மற்றபடி பொருள் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

———
கொருக்குப்பேட்டையிலிருந்து:

நான் டிராம்போன் வாசிப்பவன். கட்டை சரி, ‘கருவி’தான் இடிக்கிறது.

டிராம்போனில் சறுக்குக் குழாயை முழுக்க உள்ளே தள்ளி ஊதினால் வருவது பி ஃபிளாட். கருவியைப் பார்த்தால் அதுவும் ஆறரைக் கட்டைதான். ஆனால் பேஸ் கிளெஃபில் (கீழ்ச் சுரங்களுக்கான கோட்டுக் குறி) எழுதிய தாளில் சி என்று இருந்தால் சி-தான் வாசிப்போம், எதுவும் மாறாது. அதே டிராம்போனுக்கு பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகளில் டிரெபிள் கிளெஃபில் (மேல் சுரங்களுக்கான குறி) மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். யூபோனியம் இன்னும் மோசம். பேஸ் கிளெஃப் தாளில் எழுதியபடியே கேட்கும். டிரெபிள் கிளெஃப் தாளில் சி எழுதியிருந்தால் ஒரு ஸ்தாயிக்கும் கீழே போய் பி ஃபிளாட் கேட்கும். இத்தனைக்கும் கருவி ஒன்றே, ஊதுகிற வாயும் ஒன்றே.

அதனால் மாறுவது கருவி இல்லை, தாள். பெயரையும் தாளுக்கே வையுங்கள்.

———
ராயபுரத்திலிருந்து:

கொருக்குப்பேட்டை அண்ணன் சொன்னது மனசில் நின்றுவிட்டது. ஆங்கிலச் சொல்லில் ‘கருவி’ இருக்கிறது என்பதற்காக நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. ‘கட்டைத்தாள்’ என்று வைத்துக்கொள்கிறேன். எண் முன்னால் வரும்: ஃபுளூட்டுக்கும் டிராம்போனுக்கும் 1 கட்டைத் தாள், ஆல்டோவுக்கு 2½, கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் 6½. யூபோனியத்துக்கு இரண்டு தாளும் போட்டுவிடலாம், பையன் எதில் பழகியிருக்கிறானோ அதை எடுத்துக்கொள்ளட்டும். எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கிற சுருதியை, பேண்டுக்காரர்கள் ‘கான்சர்ட்’ என்று சொல்வதை, ‘பொதுச்சுருதி’ என்று எழுதுகிறேன். டெனர் சாக்ஸும் 6½ கட்டைத் தாள்தான், ஸ்தாயி மட்டும் கீழே. அதைத் தாளின் மூலையில் ‘கீழ்’ என்று குறித்தால் போதும்.

சிரிப்பைப் பற்றிப் பெரம்பூர் ஐயா சொன்னதும் சரிதான். இரண்டு நாள் சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

வினைச்சொல்தான் பாக்கி. ‘கட்டை மாற்றி எழுது’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். பயிற்சிப் பக்கத்தின் தலைப்பில் போட நீளமாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால், தாள்களை அச்சுக்குக் கொடுப்பதற்குள் எழுதுங்கள்.